வண்டி விக்குது

அந்தப் பட்டறையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் எவரும் இல்லை. எல்லோருக்கும் அவர் கார்டு அக்கா. வண்டியோடு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது, வாசலுக்கு நேரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் அவர் முகத்தைத்தான். வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டு, ஜாப் கார்டில் எழுதி, உள்ளே இருக்கும் மெக்கானிக்குகளுக்கு அனுப்புவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடங்களில் காகித அட்டை போய்க் கணினி வந்தது. மேனேஜர்கள் ஆறு பேர் மாறினார்கள். நாற்காலியும் அக்காவும் மட்டும் மாறவில்லை.

வண்டிக்கு நோய் கண்டால் பெரும்பாலும் அது சத்தமாகத்தான் வெளியே வரும். சத்தத்தை எப்படிச் சொல்வது? அதற்குத்தான் வருகிறவர்கள் திண்டாடுவார்கள். டை கட்டிய வங்கி அதிகாரி ஒருவர் கன்னத்தை உப்பிப் "புர்ர்ர்" என்று காட்டிவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிரித்ததும் காதுவரை சிவந்து போனார். அக்கா சிரிக்கவில்லை. "ஸ்டீரிங்கத் திருப்பும்போது மட்டுமா சார், நேராப் போகும்போதுமா?" என்று கேட்டு, 'புர்ர்ர் என்கிறது, திருப்பும்போது' என்று எழுதினார். கடகட, லொடலொட, நறநற, கீச்கீச், ஊங்... எல்லாமே அவர் அட்டைகளில் உண்டு. ஊங் என்றால் வீல் பேரிங். நறநற என்றால் பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. மெக்கானிக்குகள் அவர் அட்டையைப் படித்துவிட்டு நேராக அந்த இடத்துக்கே ஸ்பேனரைக் கொண்டு போவார்கள்.

அக்காவிடம் ஒரே ஒரு விதி இருந்தது. சொன்னதைச் சொன்னபடி எழுது. அந்த விதி அவருக்கு இலவசமாக வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர் வந்து, "வண்டி ரொம்ப இழுக்குதும்மா" என்றார். வண்டி இழுக்கவில்லை என்று புகார் சொல்பவர்களைத்தான் அக்கா அதுவரை பார்த்திருந்தார். எஞ்சினில் வலு இல்லை என்று பொருள். நன்றாக இழுக்கிறது என்று எவனாவது புகார் சொல்வானா? பெரியவர் வாய் தவறிவிட்டார் என்று முடிவு கட்டி, 'இழுவை குறைவு' என்று அழகாகத் திருத்தி எழுதிவிட்டார். உள்ளே ஃபில்டரை மாற்றி அனுப்பினார்கள். பெரியவர் சொன்னது வேறு: பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. மூன்றாம் நாள் ஒரு திருப்பத்தில் அது அவரை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அவர் மனைவி மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து கண்ணாடித் தடுப்பின் முன் நின்றார். திட்டவில்லை. "அவர் சரியாத்தானேம்மா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு வாடிக்கையாளர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் அக்கா திருத்தியதில்லை. அந்த ஒழுங்கே ஒரு நாள் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

பிசியோ என்று பட்டறையில் எல்லோரும் அழைத்த அந்தப் பெண், வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்பவர். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு உடைந்தவர்கள், முழங்கால் மாற்றியவர்கள் என்று ஒரு நாளைக்கு ஏழு வீடு. மடக்குக் கட்டில், மணல் மூட்டைகள், நடைச் சட்டம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ள இடம் வேண்டும். அதனால் ஏழு வருடம் ஓடிய ஒரு க்ராஸ்ஓவரை வாங்கினார். க்ராஸ்ஓவர் என்றால், காராகவும் இல்லாமல் ஜீப்பாகவும் இல்லாமல், பார்க்க மிடுக்காக உயரமாக நிற்கும் வண்டி. மேடுபள்ளத்துக்கென்று பிறந்தது போலத் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் சின்னக் காரின் எலும்புதான்.

விவரமில்லாமல் வாங்கவில்லை அவர். டயர் பார்த்தார், எண்ணெய் பார்த்தார், சர்வீஸ் புத்தகம் பார்த்தார். ஓட்டியும் பார்த்தார். விற்ற தரகர்தான் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார், "வெயிலுக்கு முன்னாடி வந்துடுங்க மேடம்" என்று. அந்த அக்கறைக்குப் பொருள் பிறகுதான் விளங்கியது.

முதல் மாதம் ஏசி கண்டன்சரில் ஓட்டை. மூன்றாம் மாதம் முன்பக்கம் லொடக் லொடக். இரண்டு லிங்க் ராடும் புஷ்ஷும் போயின. ஐந்தாம் மாதம் ஊங். எட்டாம் மாதம், தெர்மோஸ்டாட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டு, கூலன்ட் முழுவதும் தெருவில் ஒழுகி, பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றது. ஒவ்வொன்றும் ஒரு வாரச் சம்பாத்தியம், இரண்டு வாரச் சம்பாத்தியம், ஒன்று மாதச் சம்பாத்தியத்தையே விழுங்கியது. பிசியோவின் அண்ணன் வண்டி எண்ணைக் கூட்டிப் பார்த்து, "கூட்டுத்தொகை எட்டு. நான் அப்பவே சொன்னேன், ராசியில்லாத வண்டி" என்றார். அப்போது அவர் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். கூட்டுத்தொகை எட்டு என்பதற்காகப் பிளாஸ்டிக் விரிசல் விடுவதில்லை. உலோகத்தில் வார்க்க வேண்டியதைப் பிளாஸ்டிக்கில் வார்த்தால் விடும். மிச்சம் பிடித்தவன் ஒரு பக்கம் நிம்மதியாக இருக்க, கொதிக்கும் எஞ்சின் பக்கத்தில் நிற்பவர் தன் கிரகத்தை நொந்துகொள்கிறார். ராசி என்ற சொல்லைப் போல் கம்பெனிகளுக்கு மலிவான வக்கீல் வேறு கிடையாது.

இதெல்லாம் பழைய வண்டிக்கு உள்ள சில்லறைத் தொல்லைகள். பெரியது பிறகு வந்தது.

சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி தூக்கிப் போட்டது. முன்னால் ஒரு எட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு எட்டு. பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒரு முறை நான்கு முனைச் சந்திப்பின் நடுவில் இழுவை முழுவதும் அறுந்து, வண்டி உறுமியது, நகரவில்லை. பக்கத்து இருக்கையில், பரிசோதனைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்த நோயாளி ஒருவர். இடப்பக்கக் கை கால் விழுந்தவர். இறங்கி ஓடக்கூட முடியாதவர்.

ஃபோர்மேன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "கியர்பாக்ஸ்தான். இதுக்குள்ள ரெண்டு கிளட்ச், மாத்தி மாத்திப் பிடிக்கும். நெரிசல்ல ஊர்ந்து ஊர்ந்து போனா ரெண்டும் காய்ஞ்சு, பிடிச்சு, விட்டு... இப்படித்தான் பண்ணும். கிளட்ச், அதை ஆட்டி வைக்கிற பெட்டி, எல்லாம் மாத்தணும்" என்றார். தொகையைச் சொன்னார். பிசியோவின் ஏழு மாத வருமானம்.

அக்காவுக்குத்தான், வண்டிக் கம்பெனி தன் பட்டறைகளுக்கெல்லாம் அனுப்பிய ஒரு சுற்றறிக்கை ஞாபகம் வந்தது. எத்தனையோ பேர் சண்டை போட்ட பிறகு, கம்பெனி அரை மனதாக ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தது. இந்த மாடலில் 'சில வண்டிகளில் மட்டும்' கியர்பாக்ஸில் குறை இருக்கக்கூடும். வண்டி புதிதாக விற்கப்பட்ட ஐந்து வருடத்துக்குள் அதைப் பற்றிப் புகார் பதிவாகியிருந்தால், இப்போது வண்டி யார் கையில் இருந்தாலும் இலவசமாக மாற்றித் தரப்படும்.

"எழுதிப் போடுங்கம்மா" என்றார் அக்கா. "உங்க வண்டியோட முதல் ஓனர் ஒரு டீச்சர். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, இதே கோளாறுன்னு மூணு தடவை வந்தாங்க. மூணு தடவையும் நான்தான் எழுதினேன்."

"நிஜமாவாக்கா?"

"என் எழுத்தும்மா. எங்கயும் போகாது."

எங்கும் போகவில்லைதான். மூன்று வாரம் கழித்து, பிசியோ ஒரு கடிதத்தைக் கண்ணாடித் தடுப்பின் இடுக்கு வழியாக நீட்டினார். தலைமை அலுவலகம் மறுத்திருந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'பதிவேட்டின்படி முந்தைய உரிமையாளர் மூன்று முறையும் வண்டி விற்பனை தொடர்பாகவே பட்டறையை அணுகியுள்ளார். கியர்பாக்ஸ் குறித்துப் புகார் ஏதும் இல்லை.'

"மூணு தடவை வந்து வண்டிய விக்கப் போறேன்னு உங்ககிட்ட எதுக்குக்கா சொல்லணும்?" என்றார் பிசியோ. "நீங்க என்ன தரகரா?"

அக்காவின் விரல்கள் அதற்குள் கணினியில் வண்டி எண்ணைத் தட்டியிருந்தன. மூன்று அட்டைகளும் வந்தன. மூன்றிலும் அவர் சொந்த எழுத்து.

'வண்டி விக்குது. காலையில் இல்லை. சூடானதும் விக்குது. சிக்னலில் நின்று கிளம்பும்போது அதிகம் விக்குது.'

படித்ததும் அந்த டீச்சரம்மா கண்முன் வந்து நின்றார். நெஞ்சில் கையை வைத்து, "எனக்கு விக்கல் வந்தா எப்படித் தூக்கிப் போடும், அப்படியே விக்குதும்மா வண்டி" என்று உடம்பைக் குலுக்கிக் காட்டியவர். எவ்வளவு சரியான சொல்! வேறு எந்தச் சொல்லாலும் அந்தத் துள்ளலை இப்படிப் பிடித்திருக்க முடியாது. அக்கா அதை அப்படியே எழுதினார். தலைமை அலுவலகத்தில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு நூறு அட்டையைத் தள்ளிவிட வேண்டிய யாரோ ஒருவர், அதை வாசித்து, பேச்சு வழக்கு என்று பார்த்து, நல்ல தமிழில் மாற்றி எழுதிவிட்டார்: வண்டி விற்கிறது. காலையில் விற்பதில்லையாம், சூடானதும் விற்கிறதாம். சிக்னலில் அதிகம் விற்கிறதாம். இதில் என்ன பொருள் இருக்கிறது என்று அவர் ஒரு நொடி நின்றுகூடப் பார்க்கவில்லை.

ஃபோர்மேன் எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அவன் சொன்னதும் ஒரு விதத்துல சரிதான்க்கா. விக்குச்சு, அதனால வித்துட்டாங்க."

"சும்மா இருங்கண்ணே" என்றார் அக்கா. அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்பது தீராத வழக்கு.

"திருத்திடுங்கக்கா" என்றார் பிசியோ. "ஒரு வார்த்தைதானே?"

"மூடின கார்டை யாராலயும் திருத்த முடியாதும்மா. என்னாலயும் முடியாது, மேனேஜராலயும் முடியாது. பட்டறைக்காரங்க பின்னால மாத்தி எழுதி ஏமாத்திடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க."

சொல்லும்போதே அக்காவுக்கு மற்ற அட்டைகள் ஞாபகம் வந்தன. தேடல் கட்டத்தில் 'விக்குது' என்று தட்டினார். திரையில் வரிசை நீண்டது. இதே மாடல் மட்டும் இருபத்தேழு வண்டிகள். டீச்சரம்மா சொன்ன சொல் அக்காவுக்குப் பிடித்துப்போய், பிறகு வந்தவர்கள் உடம்பைக் குலுக்கிக் காட்டித் திணறியபோதெல்லாம், "விக்குதுன்னு சொல்லலாமா?" என்று அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். "ஆமாம்மா, அதேதான்!" என்று அவர்களும் நிம்மதியாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால், இருபத்தேழு குடும்பங்களின் புகாரையும் அக்கா தன் கையாலேயே விற்றுவிட்டார்.

அக்கா அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மனம் குளிர்ந்தால் அக்கா என்பார், சூடானால் மேடம் என்பார். அன்று தொடக்கத்திலேயே மேடம்.

"மேடம், திரையில பதினாலு குறி இருக்கு. சத்தம், அதிர்வு, கசிவு, வாடை... அதிர்வுன்னு ஒரு டிக் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

"அதிர்வுன்னா போன் அதிர்ற மாதிரி சார். விடாம அதிரும். இது ஒரு தூக்கு, ஒரு நிறுத்து. அதிர்வுன்னு எழுதியிருந்தா டயரைக் கழட்டி பேலன்ஸ் பண்ணி அனுப்பியிருப்பாங்க."

"சரி. விக்குதுன்னா விக்கல்தான், வேற இல்லன்னு சொல்றீங்க?" அவர் ஒரு தாளைத் தள்ளினார். அக்காவின் இன்னொரு பழைய அட்டை. 'இந்த மாடல் இப்போது என்ன விலைக்கு விக்குது என்று கேட்டார்.' "இது யார் எழுதினது? இதுவும் விக்கலா?"

அந்த மனிதர் அப்படித்தான் கேட்டார். அக்காவும் சொன்னதைச் சொன்னபடி எழுதினார்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நான் ஒரு வழி சொல்றேன். இந்த ஒரு வண்டிக்கு மட்டும், 'எழுத்துப் பிழை, தவறு என்னுடையது'ன்னு ஒரு கடிதம் குடுங்க. நல்லெண்ண அடிப்படையில பாதிச் செலவைக் கம்பெனி ஏத்துக்கும். அந்தப் பொண்ணுக்கும் நல்லது. இருபத்தேழு இருபத்தெட்டுன்னு பட்டியல் எதுவும் வேண்டாம். உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு."

நல்லெண்ணம்! தருமம் போடுவது போல் ஒரு சொல். கம்பெனி தன் குறையைத் தானே ஒப்புக்கொண்டு, என்ன தர வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு மீதியை நீட்டும்போது அதற்குப் பெயர் நல்லெண்ணமாம். பிழை மட்டும் மாதச் சம்பளத்துக்கு அட்டை எழுதுகிறவளுடையது.

அக்கா அன்றே பிசியோவிடம் சொல்லிவிட்டார், ஒன்றையும் மறைக்காமல். பட்டியலோடு உண்மையை எழுதினால் விஷயம் பரிசீலனைக் குழுவுக்குப் போகும். ஆறு மாதமோ ஒரு வருடமோ, கடைசியில் ஒன்றும் வராமலும் போகலாம். பிழை என்று எழுதினால் பாதி இந்த மாதமே.

பிசியோ சாவிக்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வாரம் ரெண்டு பேஷண்ட் வேற ஆளைப் பாத்துக்கிட்டாங்கக்கா. வண்டி மக்கர் பண்ற நாள்ல ஆட்டோல கட்டிலத் தூக்கிட்டு நான் எத்தனை வீடு போவேன்? பாதி வந்தாக் கூடப் போதும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க பெரிய மனசு பண்ணி மத்தவங்களையும் சேத்து எழுதினா, நடுவுல நான்தான் நசுங்குவேன்" என்றார். சொன்ன உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் அக்காவின் கணவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டுபவர், சீருடைப் பட்டன்களை வாரம் ஒன்று தொலைப்பவர். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு சொல்றதுல தப்பில்ல" என்றார்.

"நான் தப்புன்னேனா?"

"அப்ப எழுதிக் குடுத்துடு."

"எழுத்துப் பிழைன்னா? நான் பிழையா எழுதலயே. அந்த டீச்சரம்மா அப்படித்தான் சொன்னாங்க. அவங்க சொன்னதும் பிழை இல்ல, வண்டி பண்ணதும் அதான். படிச்சவன் யோசிக்காமப் படிச்சான். அதுக்கு நான் பிழைன்னு கையெழுத்துப் போட்டா, நாளைக்கு மத்த இருபத்தாறு பேர் வந்தா, 'எழுதுறவளுக்கே எழுதத் தெரியாது, அவளே ஒத்துக்கிட்டா'ன்னு என் கையெழுத்தையே காட்டுவான்."

கணவர் நூலைப் பல்லால் அறுத்தார். "அந்த மேனேஜர் இந்த வண்டிய ஓட்டிப் பாத்திருக்கானா?"

"அவர் எதுக்கு ஓட்டுறார்? டிரைவரோட ஓட்டும் பழக்கம்தான் காரணம்னு எழுதி வச்சிருக்கார். டீச்சரம்மாகிட்டயும் இதையேதான் சொல்லி அனுப்பினாங்க, பொம்பளைங்களுக்கு ஓட்டத் தெரியலன்னு. இந்த இருபத்தேழுல பதினோரு பேர் ஆம்பளைங்க. அவங்களுக்கு மட்டும் 'சாலை நிலைமை'ன்னு எழுதியிருக்கு."

கணவர் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சரம்மா மூன்றாவது முறை வந்துவிட்டுப் போகும்போது, "எனக்குத்தான் வயசாயிடுச்சு போல" என்று முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. பதினெட்டு வருடம் கார் ஓட்டியவர். இயந்திரத்தின் கோளாறைத் தன் கோளாறு என்று நம்பி, அந்த நம்பிக்கையோடேயே வண்டியை விற்றுவிட்டுப் போனார்.

மறுநாள் நண்பகல் பிசியோ கடிதத்துக்காக வந்தார். மூன்று வீடு முடித்துவிட்டு நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டி, வாசலில் சூடாக நின்றது. மேனேஜர் தாளைத் தயாராக அச்செடுத்து வைத்திருந்தார். கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

அக்கா பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். திரும்பவும் மூடினார்.

"சார், ஒரு ரவுண்டு நீங்க ஓட்டிப் பாருங்க. பாலம் வரைக்கும் போயிட்டு வாங்க. உங்க பழக்கத்துல ஓட்டி வண்டி ஒண்ணும் பண்ணலன்னா, பிழைன்னு நான் கையெழுத்துப் போடுறேன். இந்தப் பொண்ணு சாட்சி."

"அக்கா, வேண்டாம்" என்றார் பிசியோ பதறி. மேனேஜர் அவரை ஒரு பார்வை பார்த்தார், அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பட்டறை முழுவதும் ஸ்பேனர் சத்தம் நின்றிருந்தது. ஓட்டமாட்டேன் என்றால் அதுவே பதில் ஆகிவிடும்.

"வாங்க மேடம், போலாம்" என்று சாவியை வாங்கினார்.

அவர் நன்றாகத்தான் ஓட்டினார். அலுங்காமல் கிளம்பி, அலுங்காமல் வளைத்தார். முதல் சிக்னலில் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா?" என்று கண்ணாடி வழியாகப் பின்னிருக்கையில் இருந்த அக்காவைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பிசியோ மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி இருந்தார். அவர் எதை வேண்டிக்கொண்டிருக்கிறார், வண்டி தூக்கிப் போட வேண்டும் என்றா போடக் கூடாது என்றா என்று அக்காவால் சொல்ல முடியவில்லை. அது அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

பாலத்தடியில் வண்டிகள் தேங்கி நின்றன. ஊர்ந்தன. நின்றன. ஊர்ந்தன. பச்சை விழுந்தது. மேனேஜர் மெல்ல மிதித்தார்.

வண்டி தூக்கியது. நின்றது. மறுபடி தூக்கியது. மேனேஜரின் தலை முன்னால் போய்ப் பின்னால் மோதியது. பின்னால் நீளமாக ஒரு ஹாரன்.

"அய்யய்யோ, என்ன இது, இப்படி விக்குது!" என்றார் மேனேஜர்.

அடுத்த திருப்பத்திலேயே வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினார்.

அக்கா நேராகத் தன் நாற்காலிக்குப் போய்ப் புது அட்டை ஒன்றைத் திறந்தார். வண்டி எண், தேதி, ஓடிய தூரம். அடுத்த கட்டத்தில் தட்டினார்: 'ஓட்டியவர்: மேனேஜர். அவர் சொன்னது: அய்யய்யோ, என்ன இது, இப்படி விக்குது. இடம்: பாலத்தடி சிக்னல், நின்று கிளம்பும்போது. வண்டி சூடாக இருந்தது. சென்ற வருடங்களின் மூன்று அட்டைகளிலும், இதே மாடலின் மற்ற இருபத்தாறு வண்டிகளின் அட்டைகளிலும் உள்ள சொல் இதுவே.' இருபத்தாறு வண்டி எண்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே சேர்த்தார். அவசரத்தில் ஒரு எண்ணை இரண்டு முறை அடித்து அழிக்க வேண்டியிருந்தது.

மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்கு வந்து சேர்வதற்குள் அக்கா அட்டையை மூடிவிட்டார்.

"என்ன எழுதினீங்க?"

"சொன்னதைச் சொன்னபடி சார்."

அவர் திரையைப் படித்தார். "அழிச்சிடுங்க மேடம்" என்றார் கடைசியில், முடியாது என்று தெரிந்தே.

பிசியோ அன்று அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். பாதியும் கையை விட்டுப் போனது என்றுதான் நினைத்தார். ஏழு வாரம் ஆட்டோவிலும் பேருந்திலும் மடக்குக் கட்டிலைச் சுமந்தார். இன்னொரு நோயாளியும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அந்த ஏழு வாரமும் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. சரியானதைச் செய்தவருக்கு நெஞ்சு நிறைந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்தவர் முதுகில் ஏற்றிச் செய்த சரி அப்படி நிறைவதில்லை.

எட்டாவது வாரம் பட்டறைக்குக் கடிதம் வந்தது. பிசியோவின் வண்டிக்கு முழு கியர்பாக்ஸும் இலவசம். தங்கள் மேனேஜரின் வாயிலிருந்து வந்த சொல்லை விற்பனை என்று மொழிபெயர்க்கக் குழுவில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை போலும். மற்ற வண்டிகளைப் பற்றி ஒரு வரி: 'உரிமையாளர்கள் தாமாக விண்ணப்பித்தால் தனித்தனியே பரிசீலிக்கப்படும்.' தாமாக விண்ணப்பிக்க அவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டுமே! அதைத் தெரிவிப்பது யார் வேலை என்று கடிதத்தில் இல்லை. அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. முகப்பில் இனி குறிகள் மட்டுமே பதியப்படும். கார்டு அக்கா உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றப்படுகிறார்.

கியர்பாக்ஸ் மாற்றிய அன்று பிசியோ கிடங்குக்குத் தேடி வந்தார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று என்ன சொல்வதென்று தெரியாமல், "கழுத்து வலிக்குதாக்கா? குனிஞ்சே இருக்கீங்க" என்று அக்காவின் தோளை அழுத்திவிட்டார். வலி இருந்த இடத்தை விரல்கள் தாமாகக் கண்டுபிடித்தன.

"என் பாட்டுக்குப் பெட்டி எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார் அக்கா. "இங்க எதுவும் பேசாது. அதான் கஷ்டம்."

பிசியோ போன பிறகு சாப்பாட்டு இடைவேளை வந்தது. அக்கா டப்பாவைத் திறக்கவில்லை. பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். இருபத்தாறு உரிமையாளர்களின் போன் எண்கள். முதல் எண்ணைத் தன் சொந்தப் போனில் அழுத்தினார்.

"வணக்கம்ங்க. பட்டறையில முன்னாடி கார்டு எழுதின அம்மா பேசுறேன். ஞாபகம் இருக்கா? உங்க பெரிய வண்டி இப்பவும் விக்குதா?"

மறுமுனையில் ஒரு கணம் குழப்பம். பிறகு ஒரு பெண் குரல்: "அதையா? அது எப்பவோ வித்தாச்சேம்மா. எனக்கு ஓட்ட வரலன்னு வீட்டுக்காரரு வித்துட்டாரு."

அக்கா கண்களை ஒரு முறை மூடித் திறந்தார்.

"உங்களுக்கு ஓட்ட நல்லாவே வருங்கம்மா. அத அப்புறம் சொல்றேன்" என்றார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேனாவின் மூடியைக் கழற்றினார். "யாருக்கு வித்தீங்க? மெதுவாச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."